எந்த ஆற்றங்கரை

கைகள் தாளைக் கவிழ்த்துப் போட்டு, மழுங்கிய எலும்பு முனையால் கோடு இழுத்துக்கொண்டிருந்தன. மை தொடாத கோடு. பின்பக்கம் அழுத்தினால் முன்பக்கத்தில் நூல் ஓடியதுபோல் புடைத்து நிற்கும். எழுத்துகள் அந்த நூலைப் பிடித்துத் தொங்க வேண்டும். வாசகத்துக்குப் பன்னிரண்டு கோடு, அதற்குக் கீழே சாட்சிகளுக்கு இரண்டு அரைக்கோடு. ஏழாவது கோட்டின் நடுவில் வலது கை நின்றுவிட்டது. இடது கை வந்து அதன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. இரண்டும் சற்று நேரம் அப்படியே கிடந்தன. பிறகு விட்ட இடத்திலிருந்து கோடு தொடர்ந்தது.

அறையில் இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள்.

கைகளின் சொந்தக்காரர் மெனாஷே. ரங்கூன் யூத சபைக்குக் கோழியும் ஆடும் அறுத்துக் கொடுப்பவர். வயது முப்பத்தாறு. 1941 டிசம்பர் மாதம் பட்டப்பகலில் எதிரி விமானங்கள் வந்து குண்டு போட்டபோது அவர் கத்தியின் விளிம்பை நகத்தில் ஓட்டிச் சோதித்துக்கொண்டிருந்தார். யூத முறைப்படி, கத்தியில் மயிரிழை அளவு பல் இருந்தாலும் அந்த இறைச்சி தின்ன ஆகாது. அறுக்கும்போது கை ஒரு நொடி தயங்கி நின்றாலும் ஆகாது. அன்றைக்குப் பிறகு அந்தக் கை தயங்க ஆரம்பித்தது. மூன்று கோழிகள் வீணாகிப் போனதும் கத்திக்கு எண்ணெய் தடவித் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டார். இருபத்தாறாம் தெருவில் மிச்சமிருந்த குடும்பங்கள் முட்டையும் பருப்பும் தின்று நாளைக் கடத்தின. யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

இப்போது பிப்ரவரி. அரிசி ஆலைகள் எரிந்த வாடை இன்னும் தெருவை விட்டுப் போகவில்லை. பாதி வீடுகளில் பூட்டு. விட்டுச் சென்ற நாய்கள் கூட்டமாகத் திரிந்தன. அபாயச் சங்கு எப்போது வேண்டுமானாலும் ஊதும். சில நாள் விமானம் வரும், சில நாள் வராது. வராத நாளில்தான் ஆட்கள் வானத்தை அதிகம் பார்த்தார்கள்.

அவர் எழுத உட்கார்ந்தது ஒரு மணவிலக்குச் சீட்டு. கேட்டவர்களுக்குள் சண்டை ஏதும் கிடையாது. யாமேனுக்கும் ஹபீபாவுக்கும் கல்யாணமாகி மூன்று வருடம். ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள். யாமேன் தந்தி ஆபீசில் வேலை. அத்தியாவசிய வேலைக்காரன் ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று உத்தரவு. ஹபீபாவுக்குக் கல்கத்தா கப்பலில் இடம் கிடைத்துவிட்டது. கப்பல் விடியற்காலையில் கிளம்புகிறது. ஆனால் இருட்டுவதற்குள் துறைமுக வாசலுக்குள் போய்விட வேண்டும். அதன் பிறகு கதவைச் சாத்திவிடுவார்கள்.

அவள் போன பிறகு இங்கே யாமேனுக்கு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. செத்தால் செத்ததைப் பார்த்த ஒருவர் வந்து சொல்ல வேண்டும். சொல்ல ஆளில்லாமல் ஒரு காட்டிலோ குழியிலோ போய்விட்டால் ஹபீபா சாகும்வரை அவனுக்குக் கட்டுப்பட்டவள். மனைவியுமில்லை, விதவையுமில்லை, வேறொருவன் அவளைக் கட்டவும் முடியாது. அதற்குத்தான் முன்கூட்டியே இந்தச் சீட்டு. பன்னிரண்டு மாதத்துக்குள் அவன் திரும்பி அவள் முன்னால் வந்து நிற்காவிட்டால் இது செல்லும். வந்து நின்றால் இது வெறும் தாள்.

இந்த யோசனை மெனாஷேயின் அக்கா துஃபாஹாவுடையது. அவளும் அதே கப்பலில் போகிறாள். அவளுக்கு இதில் அனுபவம் உண்டு.

பாக்தாதில் அவளுக்குப் பத்தொன்பது வயதில் கல்யாணம் நடந்தது. ஆறு வாரம் கழித்து, முந்தைய உலகப் போருக்காகத் துருக்கிக்காரன் பட்டாளத்துக்கு ஆள் பிடித்தான். அவள் கணவனை அந்தக் கூட்டத்தோடு கயிற்றில் கட்டி வடக்கே பனிமலைப் பக்கம் ஓட்டிப் போனார்கள். செருப்பு வாங்கக்கூட நேரம் தரவில்லை. போனவனைப் பற்றி ஒரு கடிதம் இல்லை, ஒரு சாட்சி இல்லை. தாய் தகப்பன் இல்லாத ஒன்பது வயதுத் தம்பி மெனாஷேயை வளர்த்து ஆளாக்கியதே அவள்தான். பிறகு இருவரும் படகில் பஸ்ரா வந்து, அங்கிருந்து பம்பாய், பம்பாயிலிருந்து ரங்கூன் என்று மாமன் ஒருவரின் தயவில் வந்து சேர்ந்தார்கள். இங்கே அவளை இரண்டு பேர் பெண் கேட்டார்கள். இரண்டாமவர் நல்ல மனிதர், அடுப்பு விற்பவர். ஐந்து வருடம் காத்திருந்துவிட்டு வேறொருத்தியைக் கட்டிக்கொண்டார். சபையின் பெரிய ஹாகாம், அதாவது அவர்களுடைய மதகுரு, ஒவ்வொரு முறையும் கண் கலங்கித்தான் முடியாது என்று சொன்னார்.

இருபது வயதில் மெனாஷே அவரிடம் போய், அக்காவை எது காப்பாற்றியிருக்கும் என்று கேட்டார். பன்னிரண்டு வரி எழுதின ஒரு தாள், என்றார் ஹாகாம்.

அன்றிலிருந்து அவர் அந்தப் பன்னிரண்டு வரியைத் தானாகவே கற்றார். கற்றுத்தர ஆள் இல்லை. ரங்கூனில் விலக்கு எழுதுவதில்லை; வேண்டியவர்கள் கல்கத்தாவுக்குப் போய்விடுவார்கள். பாக்தாதிலிருந்து வந்த ஒரு வியாபாரியிடம் மாதிரி வாசகம் இருந்த ஏடு ஒன்று கிடைத்தது. அதைப் பார்த்துப் பழைய செய்தித்தாள் ஓரங்களில், இல்லாத மனிதர்களின் பெயரைப் போட்டு எழுதி எழுதிப் பார்த்தார். பதினாறு வருடம். வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டாலும் எண்ணூறுக்கு மேல் இருக்கும். எழுத்தோடு எழுத்து ஒட்டக் கூடாது, அழிக்கக் கூடாது, வரிக்கு வெளியே போகக் கூடாது. ஒவ்வொன்றையும் எழுதி முடித்து, குற்றம் கண்டுபிடித்து, அடுப்பில் போட்டார். நிஜமாக ஒன்றுகூட எழுதியதில்லை.

இன்று மத்தியானம் சடங்கு முறைப்படி தாளையும் நாணல் பேனாவையும் மைக்கூட்டையும் யாமேனுக்குத் தானமாகக் கொடுத்தார். சீட்டு கணவனின் பொருளில் எழுதப்பட வேண்டும். யாமேன் வாங்கித் தூக்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்து, சாட்சிகள் காதில் விழும்படி சொன்னான்:

"மெனாஷே அண்ணே, எனக்காக ஹபீபா பேருக்கு விலக்குச் சீட்டு எழுதுங்க. ஒண்ணு தப்பாப் போனா இன்னொண்ணு எழுதுங்க. சரியானது ஒண்ணு வர்ற வரைக்கும், நூறு ஆனாலும் எழுதுங்க."

அது ஏட்டில் உள்ள வாசகம்தான். ஜெபக்கூடத்துக் காவல்காரக் கிழவர் துவெய்னா மூக்கைச் சொறிந்துகொண்டார்.

"நூறா? இருக்கிறதே ரெண்டு தாள்."

நல்ல தாள் இரண்டுதான் மிஞ்சியிருந்தது. மற்றதெல்லாம் கிடங்கோடு எரிந்து போயிற்று.

துவெய்னா முதல் சாட்சி. இரண்டாமவர் கடிகாரம் பழுது பார்க்கும் கூர்ஜி. சாட்சி தேடியதே ஒரு பெரிய கதை. சாட்சிகள் தம்பதிக்கும் உறவாக இருக்கக் கூடாது, தங்களுக்குள்ளும் உறவாக இருக்கக் கூடாது. மெனாஷேயையும் யாமேனையும் தவிர்த்து, சபையில் மிஞ்சியிருந்த பதினான்கு ஆண்களில் ஒன்பது பேர் யாமேனுக்குச் சித்தப்பா மகனோ அத்தை மகனோ. இரண்டு பேர் சனிக்கிழமை ஓய்வுநாளில் கடை திறக்கிறவர்கள், அவர்கள் சாட்சி எடுபடாது. ஒருவருக்கு மூளை கலங்கியிருந்தது. மீந்த இருவர்தான் இவர்கள். கூர்ஜி வந்ததிலிருந்து வாசற்படிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சங்கு ஊதினால் முதலில் ஓடுகிறவர் அவர்தான் என்று தெரு முழுக்கத் தெரியும்.

மெனாஷே எழுதத் தொடங்கினார். கை நடுங்கத்தான் செய்தது. ஆனால் கோழி அறுப்பதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் இருப்பதை முதல் வரியிலேயே கண்டுகொண்டார். கத்தி நடுவில் நிற்கக் கூடாது. நாணல் நிற்கலாம். ஓர் எழுத்தை முடித்துவிட்டு அடுத்ததற்கு முன் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கலாம். நடுக்கம் ஓர் அலை மாதிரி வந்து போயிற்று. போன இடைவெளியில் ஓர் எழுத்து. மறுபடி காத்திருப்பு. அப்படியே வளர்ந்தது.

ஜன்னல் மேற்குப் பார்த்தது. வெயில் மேசைக் காலில் இருந்தது. எழுதுவதும் சாட்சிகள் கையெழுத்திடுவதும் ஒரே நாளில் நடக்க வேண்டும். அவர்களுக்கு நாள் சூரியனோடு முடிந்துவிடும். அது மறைந்த பிறகு போட்ட கையெழுத்து மறுநாளின் கையெழுத்து, சீட்டு செல்லாது.

ஹபீபா மேசைக்கு முதுகு காட்டிச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்தே மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். யாமேன் கெஞ்சினான், துவெய்னா அதட்டினார், பயனில்லை. இப்போது துஃபாஹா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவித்த முட்டையை உரித்துக் கொடுத்தாள். ஹபீபா அதைத் தின்னாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"உசிரோட நிக்கிற மனுஷனுக்கு நானே குழி வெட்டணுமா அக்கா?"

"குழி இருந்தா நான் ஏன்டீ இப்படி இருக்கேன்?" என்றாள் துஃபாஹா. குரலை உயர்த்தவில்லை. "குழி இருந்தா போய் அழுதுட்டு வந்திருப்பேன். இருபத்தேழு வருஷமா நான் கல்யாணமானவளா இல்லையான்னு எனக்கும் தெரியாது, கடவுளுக்கும் தெரியாது. முட்டையத் தின்னு. கப்பல்ல இதுவும் கிடைக்காது."

மெனாஷே காதில் இது விழுந்தது. ஒரு சொல்லை எழுதுமுன் அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும் என்பது முறை. அவருக்கு வாய் உலர்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. உதடு மட்டும் அசைந்தது. நாணல் போய்க்கொண்டே இருந்தது. நாள், மாதம், ஊர், ஆறு. யாமேன் பெயர், அவன் தகப்பன் பெயர். ஹபீபா, அவளைக் கூப்பிடும் வேறு எல்லாப் பெயர்களும். பன்னிரண்டாவது வரியின் கடைசி எழுத்தை இழுத்து முடித்தபோது வெயில் மேசை விளிம்புக்கு ஏறியிருந்தது. அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

கையெழுத்துக்கு முன் படித்துக் காட்ட வேண்டும். மெனாஷே எழுந்து நின்று படித்தார். இப்போது குரல் வந்தது. சாட்சிகள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்கள். மூன்றாம் வரியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

"அது எந்த ஆறு?" என்றாள் ஹபீபா. திரும்பிப் பார்க்கவில்லை.

மெனாஷே நிறுத்தினார். மூன்றாம் வரிக்குத் திரும்பினார். ரங்கூன் என்னும் நகரில், ஹிதெக்கேல் நதிமேல் அமர்ந்த நகரில், என்று அவர் கையெழுத்திலேயே அழகாக எழுதியிருந்தது.

ஹிதெக்கேல் பாக்தாதின் ஆறு. மூவாயிரம் மைலுக்கும் அப்பால் ஓடுவது. அந்த ஏட்டில் இருந்தது அந்த ஆறு. பதினாறு வருடமாகச் செய்தித்தாள் ஓரங்களில் அவர் எழுதிப் பழகியது அந்த ஆறு. பெரிய ஹாகாம் முந்தைய கப்பலில் போகும்போது ரங்கூன் பெயரையும் இங்கே உள்ள ஆறு, ஓடை இரண்டின் பெயரையும் எப்படி எழுத்துக்கூட்ட வேண்டும் என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். அது மைக்கூட்டின் அடியில் மடித்தபடியே கிடந்தது. ஊர் பெயரை அதைப் பார்த்து எழுதிய கை, ஆற்றுக்கு வந்ததும் தன் வீட்டுக்குப் போய்விட்டது.

துவெய்னாவும் கூர்ஜியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவரும் பாக்தாதில் பிறந்தவர்கள். அந்தப் பெயர் அவர்கள் காதில் இடறவே இல்லை. ஆறு என்றால் அதுதான். ஹபீபா ரங்கூனில் பிறந்தவள். அவள் தகப்பன் தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த ஆற்றின் மீனைப் பற்றிப் பேசக் கேட்டு வளர்ந்தவள். ஒரு நாளும் அதைப் பார்த்ததில்லை.

அவள் சும்மா இருந்திருந்தால் போதும். சாட்சிகள் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். கல்கத்தாவில் ஹாகாம்கள் பிரித்துப் பார்த்து, தவறான ஆறு, செல்லாது என்று ஒதுக்கியிருப்பார்கள். அவள் வேண்டாம் என்று சொன்னது அப்படியே நடந்திருக்கும். யாமேன் அவளைப் பார்த்தான். அவள் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த முட்டை நசுங்கியிருந்தது.

மெனாஷே தாளைக் குறுக்கே கிழித்தார். கடைசித் தாளை எடுத்துக் கவிழ்த்துப் போட்டுக் கோடு இழுத்தார். கோடு இழுத்து முடிக்கும்போது வெயில் மேசைமேல் பாதியில் இருந்தது.

"நேரம் பத்தாது தம்பி," என்றார் துவெய்னா.

மெனாஷேக்கு ஏழு வயதுப் பையனைப்போல் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முதல் தாளுக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. இப்போது இருப்பது ஒரு மணிகூட இருக்காது. காத்திருந்து காத்திருந்து எழுத முடியாது. நடுக்கத்தோடு எழுதினால் எழுத்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் அடுத்த தாள் இல்லை.

ஹபீபா எழுந்து வந்து மேசைக்கு எதிரே நின்றாள்.

"வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி எழுதுங்கண்ணே. எனக்குக் கேக்கணும்."

அவர் முதல் சொல்லைச் சொன்னார். சொன்ன சத்தம் காதில் விழுந்ததும் கை அதைப் பிடித்துக்கொண்டு போயிற்று. அடுத்த சொல். சொல்லும்போது நடுக்கம் சற்று ஒதுங்குவதை உணர்ந்தார். ஏன் என்று யோசிக்கவில்லை. ஊர் பெயர் வந்தது, சொன்னார், எழுதினார். ஆற்றிடத்தில் நாணலைத் தூக்கிக்கொண்டார். மைக்கூட்டின் அடியிலிருந்த துண்டுச் சீட்டை எடுத்து விரித்து, ஹாகாம் எழுதியபடி எழுத்து எழுத்தாக உச்சரித்தார். ரங்கூன் நதிமேலும், பசுண்டாங் ஓடைமேலும், கிணறுகளின் நீர்மேலும் அமர்ந்த நகர்.

"ஆமா," என்றாள் ஹபீபா. "அங்கதான் நான் துணி துவைப்பேன்."

ஐந்தாம் வரியில் சங்கு ஊதியது.

கூர்ஜி எழுந்துவிட்டார். துவெய்னா கிழவர் உட்கார்ந்தபடியே அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க ஓடுற? நீ போனா இன்னொரு சாட்சிக்கு நான் யாரைப் பெத்துக் கொடுக்கிறது?"

"விடுங்க. என் குடும்பம் பதுங்குகுழியில இருக்கு."

"அப்ப அவங்க பத்திரமா இருக்காங்க. உக்காரு."

கூர்ஜி உட்கார்ந்தார். கீழே தெருவில் ஆட்கள் ஓடினார்கள். யாரோ ஒரு பெண் ஒரு பெயரையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். எங்கோ தூரத்தில், ஆற்றுப் பக்கம், இரைச்சல் எழும்பியது. அது வருகிறதா போகிறதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. யாமேன் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தான். துஃபாஹா மேசைமேல் மைக்கூடு ஆடாதபடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

மெனாஷே சொல்லிக்கொண்டே போனார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஹபீபா ம் கொட்டினாள், கதை கேட்கிற பிள்ளைபோல. தன்னை யாமேனிடமிருந்து விடுவிக்கிற வரிகளுக்கு அவள் ம் கொட்டினாள். 'நீ எந்த ஆடவனையும் மணந்துகொள்ள உரியவள்' என்ற இடத்தில் மட்டும் சத்தம் வரவில்லை. மெனாஷே நிமிர்ந்து பார்க்காமல் அதை எழுதினார். பத்தாம் வரியில் கை ஒருமுறை துள்ளியது. நாணல் முனை பக்கத்து எழுத்தை நெருங்கி, ஒட்டாமல் மயிரிழை இடைவெளியில் நின்றது. அதைக் கண்ணுக்கு அருகே தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். இடையில் வெள்ளை தெரிந்தது. கத்தியின் விளிம்பை நகத்தில் ஓட்டிப் பார்க்கிற அதே கவனத்தோடு இன்னொருமுறை பார்த்தார். வெள்ளைதான். மேலே போனார்.

இரைச்சல் அடங்கியிருந்தது. எப்போது அடங்கியது என்று அவர் கவனிக்கவில்லை. பன்னிரண்டாம் வரி முடிந்தபோது வெயில் சுவரில் ஏறி, செம்பு நிறத்தில் ஒரு கையகலம் நின்றது.

மறுபடி படித்தார். இம்முறை சாட்சிகள் தலையாட்டாமல் ஒவ்வொரு பெயரையும் கவனித்துக் கேட்டார்கள். துவெய்னா முதலில் கையெழுத்திட்டார், தகப்பன் பெயரோடு. நாணல் கூர்ஜியிடம் போயிற்று. கடிகாரத்தின் பல்லுக்குள் மயிர் நுழைக்கிற விரல்கள் அவருடையவை. இப்போது நாணல் பிடிபடவில்லை. "மெதுவா," என்றாள் துஃபாஹா. மூன்றாவது முயற்சியில் முதல் எழுத்து விழுந்தது. அவர் கடைசி எழுத்தை முடித்தபோது மெனாஷே ஜன்னலைப் பார்த்தார். எதிர்வீட்டுத் தகரக் கூரை விளிம்பில் சூரியனில் ஒரு நகக்கண் அளவு மிச்சமிருந்தது.

மை ஈரமாக இருக்கும்போது கொடுக்கக் கூடாது. காத்திருந்தார்கள். ஊதவும் கூடாது, விசிறவும் கூடாது, ஒரு துளி இழுத்துவிட்டால் போச்சு. துஃபாஹா இரண்டு மூட்டைகளையும் வாசற்படிக்குக் கொண்டுபோய் வைத்தாள். தம்பியிடம், கத்தியை வாரம் ஒருமுறை எண்ணெய் போட்டுத் துடை, துரு பிடிக்கும் என்றாள். அவரும் அவளோடு கிளம்ப வேண்டும் என்று ஒரு மாதமாகச் சண்டை போட்டு ஓய்ந்திருந்தாள். செத்தவர்களைக் குளிப்பாட்டி அடக்கம் செய்ய ஊரில் வேறு ஆள் இல்லை.

"நடந்தாவது வந்து சேரு," என்றாள் கடைசியாக. "நீயும் ஆளக் காணோம்னு உக்காந்திருக்க என்னால முடியாது."

மெனாஷே தாளின் கடைசி எழுத்தின் ஓரத்தில் சுண்டுவிரலை வைத்து எடுத்துப் பார்த்தார். விரல் சுத்தமாக இருந்தது. தாளை மடித்து யாமேனிடம் கொடுத்தார். சாட்சிகள் இருபுறமும் நின்றார்கள்.

ஹபீபா மோதிரத்தைக் கழற்றித் துஃபாஹாவிடம் கொடுத்தாள். சீட்டுக்கும் கைக்கும் நடுவில் எதுவும் இருக்கக் கூடாது. விரல்களைச் சேர்த்து, தண்ணீர் ஏந்துவதுபோல் இரண்டு கைகளையும் குழித்து நீட்டினாள். முட்டையின் மஞ்சள் ஒரு விரல் இடுக்கில் ஒட்டியிருந்தது. துஃபாஹா முந்தானையால் அதைத் துடைத்துவிட்டு விலகினாள்.

யாமேன் சொல்ல வேண்டியதைச் சொன்னான். இது உன் விலக்குச் சீட்டு, இன்றிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் நான் வந்து உன் முன்னால் நிற்காவிட்டால், இதோடு நீ என்னிடமிருந்து விடுபட்டவள். கடைசிச் சொல் பாதியில் உடைந்தது. மெனாஷே அதை முழுதாகச் சொல்லச் சொன்னார். அவன் மறுபடி முழுதாகச் சொன்னான்.

"வந்துருவீங்கல்ல?" என்றாள் அவள். அது வாசகத்தில் இல்லாத சொல். ஒருவரும் அதைத் தடுக்கவில்லை.

அவன் தலையை ஆட்டினான். தாளைப் பிடித்திருந்த இரண்டு விரல்களையும் விரித்தான். தாள் அவள் உள்ளங்கையில் விழுந்தது. ஹபீபா விரல்களை மடக்கிக்கொண்டு, பெற்றுக்கொண்டதை எல்லோரும் பார்க்கும்படி கைகளை உயர்த்தினாள்.